பெட்டி இல்லாத கம்பங்கள்

எங்கள் சந்தான லோரோங் செர்மாய்க்குள் யாராவது கையில் காகிதத்தோடு நுழைந்தால் முதலில் எனக்குத்தான் ஆள் வரும். நான் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தவன். இங்கிலீஷில் பெட்டிஷன் எழுதுவேன், மலாயில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வேன். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் காகிதத்தையும் லேசில் நம்பமாட்டேன். லோரோங்கில் இதை என் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். என் மனைவி பத்மாவதி மட்டும் இது வியாதி என்பாள்.

1997 ஆகஸ்டில் வந்தவர்கள் கையில் காகிதம் இல்லை. மஞ்சள் தொப்பி போட்ட இரண்டு பேர், ஆளுக்கொரு பெயிண்ட் டப்பா. எங்கள் லோரோங்கில் இருக்கிற ஏழு கம்பங்களிலும் வெள்ளைப் பட்டை அடித்து, அதன் மேல் நம்பர் எழுதிவிட்டு, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்கள். நான் ஏழு நம்பரையும் ஒரு காகிதத்தில் குறித்து வைத்தேன். சாயங்காலம் எதிர்வீட்டு நல்லமுத்து வேலை முடிந்து வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கேபிள் வருகிறது. அதில் டிவி வரும், டெலிபோன் வரும், இண்டர்நெட் என்று புதிதாக ஒன்று, அதுவும் வரும். ரோடு ரோடாகப் பள்ளம் தோண்டிப் புதைக்கக் கட்டுப்படியாகாது என்று ஏற்கெனவே நிற்கிற கம்பங்களிலேயே, கரண்டுக் கம்பிக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு இழுத்துக்கொண்டு போகிறார்கள். பினாங்கில் எங்கள் கெலுகோர் பக்கம் முழுக்க இந்த வேலைதான் நடக்கிறதாம். நல்லமுத்துவே அந்த வேலையில்தான் இருந்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கம்பம் ஏறுகிறவன். முன்பு டெலிபோன் கம்பி இழுக்கிற கண்டிராக்டரிடம் இருந்தான், இப்போது கேபிள் கண்டிராக்டரிடம். அவன் முழங்காலைப் பார்த்தால் தெரியும், இரண்டும் காய்த்துப் போயிருக்கும்.

எங்கள் பதினான்கு வீட்டுக்கும் அது பெரிய செய்தியாக இருந்தது. காரணம் டிவி இல்லை. எங்கள் வீடுகள் நிற்கிற நிலம் எங்களுடையது இல்லை. நிலம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம், அதன் மேல் பலகை வீட்டை அவரவர் கட்டிக்கொண்டோம், மாதாமாதம் தரை வாடகை கொடுத்து வந்தோம். பினாங்கில் இப்படி எத்தனையோ வீடுகள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் செத்த பிறகு மகன்மார் வாடகையை வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். வாங்கினால் நாங்கள் குடித்தனக்காரர்கள் என்று ஆகிவிடுமே. இரண்டு வருஷமாக எங்களுக்கு இந்தப் பயம்தான்.

அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப் போயிருந்தது. தண்ணீர் மீட்டர் வந்தபோது, இனி நம்மை அசைக்க முடியாது என்றோம். கரண்டு மீட்டர் வந்தபோது ஆட்டை அறுத்து விருந்து வைத்தோம். நிலத்துக்குக் கிராண்டு என்கிற பட்டா இல்லாதவர்கள் மீட்டரைக் கிராண்டாக நினைத்துக்கொண்டோம். மீட்டர் கேட்டுப் பெட்டிஷன் எழுதியவன் நான் என்பதால், அந்த நினைப்பில் எனக்கும் பெரிய பங்கு உண்டு. இப்போது கேபிளும் வருகிறது என்றால், காலி பண்ணப் போகிற இடத்துக்கு எவனாவது புதுக் கேபிள் இழுப்பானா என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சை அப்படியே நம்பிச் செங்கல் வாங்கியவள் நல்லமுத்துவின் மனைவி தனலெட்சுமி. புக்கிட் தெங்கா பேக்டரியில் பதினைந்து வருஷம் நின்றுகொண்டே ஒயர் முடுக்கியவள். பேக்டரியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனபோது கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பினார்கள். அவள் அடுப்படியைப் பார்த்தால்தான் அந்தத் தொகை எதற்கு என்று புரியும். பலகைச் சுவரில் பாதி கறையான் தின்றது. கூரைத் தகரம் சரியாக அடுப்புக்கு மேலே ஒழுகும். மழை நாளில் விட்டத்தில் ஒரு குடையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே நின்று மீன்கறி கூட்டுவாள். "எங்க வீட்டுல கறிக்கும் குடை புடிக்கணும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாயிரம் செங்கல் வந்தது. லாரிக்காரன் லோரோங்குக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே இறக்கிவிட்டுப் போனான். பதினான்கு வீட்டு ஆட்களும் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி அவள் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் அடுக்கினோம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஆனாலும் கடைசிக் கல் வரை நின்றேன். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சார்டின் கறியும் சோறும் போட்டாள். நல்லமுத்து மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை, அதை நான் கவனித்துவிட்டேன்.

செப்டம்பரில் புகைமூட்டம் இறங்கியது. சுமத்ராவில் காடு எரிகிறதென்று ரேடியோ சொன்னது. கொடிமலைப் பக்கம் திரும்பினால் சாம்பல் கலரில் ஒரு சுவர்தான் தெரிந்தது. காயப்போட்ட துணியெல்லாம் அடுப்பு வாசம் அடித்தது, எனக்கு இருமல் நிற்கவே இல்லை. அப்படி ஒரு காலையில் தனலெட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"கிராணியாரே, எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"நான் என்னத்தைச் சொல்ல?" என்றேன். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துப் பேச்சு. மற்றவர்களோடு பேசும்போதும் எனக்கு அதுதான் வாயில் வரும்.

"கொத்தனாரு சின்னையா அண்ணே அக்கரை பைராம் தோட்டத்துலேருந்து மோட்டார்சைக்கிள்ல பாலம் ஏறி வந்தாரு, கரண்டி மட்டப்பலகையெல்லாம் பின்னால கட்டிக்கிட்டு. இவரு வாசல்லயே நிறுத்தி, இப்ப வேணாம், புகை போகட்டும்னு திருப்பி அனுப்பிட்டாரு. புகையில சிமெண்டு சரியாக் காயாதாம்."

"அப்படி ஒரு கதையை நான் கேள்விப்படேல்லையே."

"யாருமே கேள்விப்பட்டதில்ல. போன வாரமும் வந்தாரு. அப்ப மணலு சரியில்லன்னாரு. மணலு நல்லாத்தான் இருக்கு, நானே அள்ளிப் பாத்தேன். அந்த மனுஷன் பசியாறக்கூட இல்லாம ரெண்டு தடவ திரும்பிப் போயிருக்காரு. இனிமே கூப்புட்டா வருவாரா?"

பத்மாவதி அவளை உட்காரச் சொல்லிக் கோப்பி கொடுத்தாள். தனலெட்சுமி கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"இருபது வருஷமாச்சு கட்டிக்கிட்டு. வேலையில நடக்குறது அம்புட்டையும் வந்து சொல்ற மனுஷன்க்கா. எந்த போஸ்ட்டுக் கம்பம் மக்கிப் போச்சு, எந்த போஸ்ட்டுல எறும்புப் புத்து, எல்லாம் சொல்வாரு. இப்ப ஒரு மாசமா வாயில கொழுக்கட்டை. சோறு போட்டா தட்டப் பாத்துத் திங்குறாரு, என் மூஞ்சியப் பாக்குறதில்ல. என் பேக்டரிக் காசு மேல கண்ணு வெச்சிருக்காரோன்னு கூட நெனச்சுட்டேன். நெனச்சதுக்கு எனக்கே அசிங்கமா இருக்கு."

"சும்மா மனசைக் குழப்பாதை" என்றாள் பத்மாவதி.

"சும்மா இல்லக்கா. ஏதோ இருக்கு."

அவள் போனதும் நான் பத்மாவதியிடம் சொன்னேன். போன புதன்கிழமை மெயின் ரோட்டில் ஒரு வெள்ளைக் காருக்குள் நல்லமுத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஆள் ஒருவர். மடியில் பெரிய காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்த ஆள் கையை நீட்டிக் காட்டினார். காட்டியது எங்கள் லோரோங் பக்கம். எங்களுக்குப் பின்னால் லாலாங் புல் மண்டிக் கிடக்கிற வெறும் நிலம், அதையும் சேர்த்துக் காட்டினார்.

"அதுக்கு?" என்றாள்.

"அதுக்கு என்னவோ? நிலத்துக்காரன்ரை ஆளாத்தான் இருக்கும். இவன் எங்களை வித்துப்போட்டான்."

"உங்களுக்கு ஆரைப் பார்த்தாலும் இப்பிடித்தான். கலியாணத்தண்டைக்கு என்ரை தம்பி சப்பாத்தைக் களவெடுத்தவன் எண்டு நிண்டனீங்கள். சப்பாத்து உங்கட காலிலை இருந்தது."

அது முப்பது வருஷத்துப் பழைய கதை. அதை விட்டுத்தள்ளிவிட்டு நான் லோரோங்கில் நாலு வீட்டுக்குச் சொன்னேன். நாலு வீடு மீதி வீடுகளுக்குச் சொன்னது. செய்தி நல்லமுத்து காதுக்கு மட்டும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹபீபா பீவியின் ஒட்டுக்கடையில் கூட்டம். கடை எங்கள் லோரோங் முனையில், முதல் கம்பத்தின் அடியிலேயே இருக்கிறது. அப்பமும் நாசி லெமாக்கும் அவள் கையால் தின்றால்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை விடியும். அன்று பாதிப் பேர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நல்லமுத்து கோப்பிக்கு வந்தான். நான் விடவில்லை.

"நல்லமுத்து, புதன்கிழமை உன்னோடை வெள்ளைக் காடியிலை இருந்தவர் ஆர்?"

அவன் என்னைப் பார்த்தான். "சூப்பர்வைசர் ஐயா."

"மடியிலை என்ன?"

"பிளான்."

"எங்கட லோரோங் பிளானோ?"

"எல்லா லோரோங்கும் அதுல இருக்கும். எந்த போஸ்ட்டுல என்ன வேலைன்னு."

"அதைக் கொண்டு வா, நாங்களும் பாப்பம்."

"காட்ட முடியாது ஐயா. வெளிய காட்ட மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுக்குறாங்க. காட்டுனா வேல போயிரும்."

"அப்ப வாயாலை சொல்லு. எங்கட லோரோங்குக்கு என்ன போட்டிருக்கு?"

அவன் கோப்பிக் கிளாசை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். அந்தப் பேசாமையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் ஏறியது. நான் ஒரு கிழவன், மானம் மரியாதையோடு வாழ்ந்தவன், என் வீட்டை ஒருத்தன் விலை பேசிவிட்டு என் எதிரில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிறான் என்றே நினைத்தேன்.

"ஒருத்தன் வாய் திறக்காமல் இருக்கிறதுக்கு ரெண்டே காரணம்தான்" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஒண்டு, தெரியாது. மற்றது, வாங்கியாச்சு. இவனுக்குத் தெரியாதெண்டு நான் நினைக்கேல்லை."

நல்லமுத்து பாதிக் கோப்பியை வைத்துவிட்டு எழுந்தான். திரும்பியபோதுதான் தனலெட்சுமி கையில் தூக்குச்சட்டியோடு பின்னால் நிற்பது எங்கள் கண்ணில் பட்டது. அவன் அவளைத் தாண்டிப் போனான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"கிராணியாரு, இது நல்லாயில்ல லா" என்றாள் ஹபீபா பீவி. "அந்த மனுஷன் ஏறி விழுந்து சம்பாதிக்குறவரு. வாங்கித் திங்கிற மூஞ்சியா அது?"

"மூஞ்சியிலை எழுதியோ இருக்கும்?" என்றேன். அவள் என் கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு எனக்கு ஒன்றும் கொண்டுவந்து வைக்கவில்லை.

அந்த வாரத்துக்குப் பிறகு ஒன்பதாம் நம்பரான நல்லமுத்து வீட்டோடு பேசுவதை எல்லாரும் குறைத்துக்கொண்டார்கள். தனலெட்சுமி செங்கல் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி ஓரத்தில் கல் வைத்தாள். கொத்தனாரை மூன்றாம் தடவை அவளே திங்கட்கிழமைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள் என்று பத்மாவதி சொன்னாள். புருஷன் வேண்டாம் என்றாலும் கட்டியே தீருவேன் என்கிறாளாம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் எங்கள் லோரோங்கில் கேபிள் இழுத்தார்கள். இரும்புக் கயிற்றை முதல் நாளே ஏழு கம்பத்திலும் கட்டி முறுக்கியிருந்தார்கள். காலையில் லாரியில் பெரிய மர உருளை வந்தது, அதில் பெருவிரல் தடிமனுக்குக் கறுப்புக் கேபிள். வேலைக்கு நாலு பேர், மேலே ஏறுகிறவன் நல்லமுத்து. சொந்த லோரோங்கில் வேலை என்றால் வேறு எவனாவது சிரித்துப் பேசிக்கொண்டு செய்வான். இவன் யாரையும் பார்க்காமல் ஏணியைச் சாத்தினான், இடுப்பு வாரைக் கம்பத்தைச் சுற்றிப் போட்டான், உடம்பைப் பின்னால் சாய்த்து நின்று வேலையைத் தொடங்கினான்.

நான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காவலுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே தனலெட்சுமி செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, துவாலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேபிளைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டுவதற்கு ஒரு மெஷின் உண்டு. சின்னப் பீப்பாய் மாதிரி இருக்கும், கயிற்றில் தொங்கும். கீழே இருந்து ஒருவன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடப்பான். அது சுற்றிச் சுற்றி நூல் கம்பியால் கேபிளைக் கயிற்றோடு பிணைத்துக்கொண்டே போகும். கம்பம் வந்தால் மேலே இருக்கிறவன் அதைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டிவிட வேண்டும். மெஷின் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். நல்லமுத்து ஒரு கையால் அதைத் தூக்கி மாற்றினான். புகையில் அவன் இருமுவது கீழே எனக்குக் கேட்டது. அந்த இருமலுக்காகக் கூட நான் அன்று இரக்கப்படவில்லை.

மத்தியானத்துக்குள் நாலு கம்பம் முடிந்தது. தனலெட்சுமி எழுந்து என் வராந்தாவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அப்போதுதான்.

"கிராணியாரே, மெயின் ரோட்டுல இழுத்தப்ப நீங்க பாத்தீங்களா? போஸ்ட்டுக்குப் போஸ்ட்டு ஒரு சின்னப் பெட்டி வெச்சாங்கள்ல?"

"ஓம். சாம்பல் கலரிலை."

"அதுல துளை இருக்கும். நாலு துளைன்னா நாலு வீட்டுக்கு, எட்டுத் துளைன்னா எட்டு வீட்டுக்கு. அந்தத் துளையிலேருந்துதான் வீட்டுக்குள்ள ஒயரு வரும். இவருதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு, முன்ன பேசிக்கிட்டு இருந்தப்ப."

"சரி."

"நம்ம லோரோங்குல ஒண்ணு கூட வெக்கல."

நான் எழுந்து நின்று பார்த்தேன். ஹபீபா பீவி கடைக் கம்பம், அதற்கடுத்தது, எங்கள் வீட்டு ஓரத்துக் கம்பம். கறுப்புக் கேபிள் எங்கள் தலைக்கு மேலே நேராகப் போய்க்கொண்டிருந்தது. எங்கேயும் பெட்டி இல்லை.

"பின்னாலை வைப்பினமாக்கும்" என்றேன்.

"பின்னால வெச்சா, சேக்குறதுக்கு இப்பவே கேபிள வளையமா விட்டு வெச்சிருப்பாங்க. வளையமும் இல்ல."

அவள் வெயில் தெரியாத அந்த வெளிச்சத்தில் கேபிளோடு நடந்தே போனாள். நானும் போனேன். ஏழாவது கம்பம் லோரோங்கின் கடைசியில், லாலாங் புல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சாயங்காலம் நாலரைக்கு நல்லமுத்து அதில் ஏறினான். அங்கே மட்டும் ஒரு பெட்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். சின்னப் பெட்டி இல்லை, அரிசித் தகரம் அளவு. அதற்குப் பக்கத்தில் கேபிளை ஐந்தாறு சுற்றாகச் சுருட்டிக் கட்டினான். அந்தக் கம்பத்துக்கு அப்பால் ஒரு வீடும் இல்லை.

"ஏங்க" என்றாள் தனலெட்சுமி கீழே நின்று.

மேலே அவன் கை நின்றது.

"நம்ம வீட்டுப் பெட்டி எங்க?"

 மற்ற மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். "வேலைய முடிச்சுட்டு எறங்குறேன்" என்றான். முடித்தான், ஒரு முடிச்சைக்கூட அவசரமாகப் போடவில்லை. லாரி போன பிறகு வீட்டுக்கு வந்து, குழாயில் கை கால் கழுவி, செங்கல் மேல் உட்கார்ந்தான். நானும் பத்மாவதியும் போய் நின்றோம். ஹபீபா பீவியும் கடையை விட்டுவிட்டு வந்தாள்.

"பிளான்ல ஒவ்வொரு போஸ்ட்டுக்குப் பக்கத்துலயும் ஒரு நம்பரு போட்டிருக்கும்" என்றான் நல்லமுத்து. "அங்கேருந்து எத்தன வீட்டுக்கு லைன் குடுக்கணும்னு. ஆறு, எட்டு, பத்து, இப்படி. நம்ம லோரோங்குல ஆறு போஸ்ட்டுக்கும் சைபரு. வீடுகளக் காட்டுற கட்டம்கூட இல்ல. வெள்ளையா விட்டிருக்கு. ஏழாவது போஸ்ட்டுல மட்டும் இருநூத்தி நாப்பது."

"அங்க யாரு இருக்கா?" என்றாள் ஹபீபா பீவி. "பாம்புதான் இருக்கு."

"இப்ப இல்லக்கா. ப்ளாட் வரப்போவுது. சூப்பர்வைசருகிட்ட கேட்டேன். அவருக்கும் அம்புட்டுதான் தெரியும். புல்லு இருக்குற நெலம் மட்டும் இருநூத்தி நாப்பது வீட்டுக்குப் பத்தாது. இதையும் சேத்தாத்தான் பத்தும்." காலால் தரையைத் தட்டிக் காட்டினான்.

"எப்போலேருந்து தெரியும் உங்களுக்கு?" என்றாள் தனலெட்சுமி.

"செங்கல்லு வந்ததுக்கு மொத நாளு."

"என்கிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா நீ ஐயாகிட்ட சொல்லுவே. ஐயா லோரோங்குக்கே சொல்லுவாரு. எல்லாருமாச் சேந்து கேபிள வெட்டுவாங்க. யாரு சொன்னதுன்னு மொதல்ல என்னத்தான் கேப்பாங்க, வேல போயிரும். சொல்லலேன்னா நீ அடுப்படியக் கட்டிருவே. பதினஞ்சு வருஷம் நின்னு சேத்ததக் கொண்டுபோயி அடுத்தவன் நெலத்துல பூசிருவே. எனக்கு ரெண்டுல எதுன்னு தெரியல. அதான் கொத்தனார மட்டும் திருப்பி அனுப்பிக்கிட்டே இருந்தேன்."

தனலெட்சுமி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. துவாலையை எடுத்து அவன் கழுத்தில் இருந்த கறுப்பைத் துடைத்தாள்.  ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன வார்த்தைக்காக அறுபத்தேழு வயதில் இப்படி வெட்கப்பட வேண்டியிருந்ததே என்று இருந்தது.

"நல்லமுத்து, நான் கதைச்சது பிழை" என்றேன்.

"விடுங்க ஐயா. அந்தப் பிளானப் பாத்ததுலேருந்து எனக்கும் யாரையும் நம்ப முடியல."

பத்மாவதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்று இரவு வீட்டில் பேச்சு கிடையாது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

தனலெட்சுமிதான் முதலில் எழுந்தாள். "கிராணியாரே, ஒரு பெட்டிஷன் எழுதுங்க."

"நிலத்துக்காரருக்கோ?"

"இல்ல. கேபிள் கம்பெனிக்கு. எங்க லோரோங்குல பதினாலு வீடு இருக்கு, எங்களுக்கும் லைன் வேணும், பெட்டி வெச்சுக் குடுங்கன்னு."

"அவை இல்லையெண்டுதானே சொல்லுவினம்."

"சொல்லட்டும். ஏன் இல்லன்னு எழுத்துல சொல்லட்டும். இம்புட்டு நாளா வாடகை வாங்காதவன் வாயத் தொறக்கல. பெயிண்டு அடிச்சவன் வாயத் தொறக்கல. ஒருத்தனாவது எழுதிக் கையெழுத்துப் போடட்டும்."

அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை. மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். மூன்று தடவை அடித்துத் திருத்தினேன், பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டருக்கு எழுதியபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. பதினான்கு வீட்டுக்கும் நம்பர் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டேன். நல்லமுத்து வீட்டை நானே விட்டுவிட்டேன்.

"உன்ரை பேர் வேண்டாம்" என்றேன். "அங்கை வேலை பார்க்கிறாய். பதிமூண்டு போதும்."

"ஒம்பதாம் நம்பர விட்டுட்டுப் போனா, ஒம்பதுல யாரும் இல்லன்னு நம்மளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும் ஐயா" என்றான். பேனாவை வாங்கி எல்லாருக்கும் மேலே, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான்.

ரிஜிஸ்தர் தபாலில், அத்தாட்சி அட்டை சேர்த்து அனுப்பினேன். தனலெட்சுமிக்கு அந்த அட்டை என்னவென்று விளங்கவில்லை. கடிதத்தை வாங்குகிறவர் அதில் கையெழுத்துப் போடுவார், அட்டை நமக்கே திரும்பி வரும், பிறகு கிடைக்கவில்லை என்று அவர் சாதிக்க முடியாது என்று விளக்கினேன். பத்து நாளில் கம்பெனி முத்திரையோடு அட்டை வந்தது. அதை அவள் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல ஏற்பாடு" என்றாள்.

மூன்றாம் வாரம் நல்லமுத்துவை இனிமேல் வர வேண்டாம் என்று கண்டிராக்டர் சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு வேலை குறைந்துவிட்டது என்றாராம். அது பொய் என்று அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கொத்தனார் சின்னையா, கேபிள் இழுத்த மறு திங்கட்கிழமையே வந்தபோது, தனலெட்சுமி பசியாற வைத்து, நடந்ததைச் சொல்லி அனுப்பியிருந்தாள். அடுப்படி கட்டவில்லை. செங்கல் அப்படியே கிடந்தது. லோரோங்கில் கூட்டம் என்றால் எல்லாரும் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டோம், வக்கீலைப் பார்க்கப் போவது யார் என்று பேசியதும் அங்கேதான்.

நவம்பரில் மழை வந்து புகையைக் கழுவிவிட்டது. கொடிமலை மறுபடி தெரிந்தது. ஒரு முற்பகல், நல்லமுத்து அடுப்படிக் கூரையில் ஏறித் தகரத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். தபால்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒன்பதாம் நம்பர் வாசலில் குரல் கொடுத்தார். ரிஜிஸ்தர் கடிதம். தனலெட்சுமி வந்து, அவர் நீட்டிய அத்தாட்சி அட்டையில் பெயரை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு உறையை வாங்கினாள். வாங்கியதும் என்னைக் கூப்பிட்டாள். தபால்காரர் என் வீட்டுக் கடிதத்தையும் அங்கேயே என் கையில் கொடுத்துவிட்டு, அவள் கொடுத்த சிரப் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். மேலே நல்லமுத்துவின் பெயர், எண் 9, லோரோங் செர்மாய், கெலுகோர். கீழே நாலே வரி. ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன்.

"என்னன்னு போட்டிருக்கு?" என்றாள்.

"உங்கட விண்ணப்பத்தைப் பரிசீலிச்சம். நீங்கள் சொல்லுற இடத்திலை குடியிருப்பு வீடுகள் ஒண்டும் இல்லை. ஆகையாலை இணைப்புத் தர ஏலாது."

கூரை மேல் நல்லமுத்து கை தாரோடு நின்றுவிட்டது.

"வீடே இல்லையாமா?" என்றான் மேலே இருந்து.

"ஓம். அப்பிடித்தான் போட்டிருக்கு. மேனேஜர் கையெழுத்தும் இருக்கு."

தனலெட்சுமி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் படித்தால் புரியாது, ஆனால் பேக்டரியில் பழகிய எழுத்துகளும் ஒன்பது என்கிற எண்ணும் தெரியும். அதில் விரலை வைத்தாள். பிறகு தபால்காரரிடம் போய் அந்த அட்டையைத் திருப்பிக் கேட்டாள். அவர் எதற்கு என்று மலாயில் கேட்டார், அவள் சும்மா கொடுங்கள் என்றாள். அட்டையைச் செங்கல் மேல் வைத்து, தன் பெயருக்குக் கீழே பெரிதாக 9 என்று எழுதினாள்.

"லோரோங் செர்மாய்ங்குறத இங்கிலீஷ் எழுத்துல ஒவ்வொண்ணாச் சொல்லுங்க கிராணியாரே."

நான் சொன்னேன். அவள் எழுதினாள். பேனாவை அவ்வளவு அழுத்தினாள், அட்டை கிழிந்துவிடுமோ என்று பயந்தேன். எழுதி முடித்ததும் நல்லமுத்துவை இறங்கச் சொன்னாள். அவன் தார் படிந்த கையைக் கைலியில் துடைத்துவிட்டு அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரைப் போட்டான். விரல் பட்ட இடத்தில் கறுப்பாக ஒரு ரேகையும் விழுந்தது.

"நீங்க பத்தாம் நம்பரு. சாட்சி போடுங்க" என்று அட்டையை என்னிடம் நீட்டினாள். இடமே இல்லை. ஓரத்தில் நெருக்கி, என் முழுப்பெயர், வீட்டு நம்பர், தேதி எல்லாம் போட்டேன். 

தபால்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு எழுத வேண்டியதில்லை அக்கா, ஒரு கையெழுத்துப் போதும் என்றார்.

"பரவாயில்ல, கொண்டுபோய்ச் சேத்துருங்க" என்றாள் தனலெட்சுமி. "இல்லாத வீட்டுக்காரங்க வாங்கிக்கிட்டாங்கன்னு தெரியட்டும்."

அவர் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாரை எடுத்து, அடுத்ததாக எட்டாம் நம்பருக்குப் போனார்.